இடது ஓரம்

படம் எதுவானாலும் அவர் முதலில் முகங்களைப் பார்க்க மாட்டார். ஓரங்களைப் பார்ப்பார். மேலே, கீழே, வலது, இடது என்று அவர் கண் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த பிறகுதான் நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு முறை வரும். பாதி வெட்டுப்பட்ட முழங்கை, யாருடையது என்று தெரியாத செருப்பு, ஒருவர் தோளின் மேல் கிடக்கும் உடம்பில்லாத கை, இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் விட மாட்டார். இது யார் என்று கேட்பார். தெரியவில்லை என்று சொன்னால், தெரியாமல் எப்படிப் போடுவது என்பார்.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்தபடி, ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். தாம்பரம், பல்லாவரம் சுற்றுவட்டாரச் செய்திகளுக்கென்று ஒரு வாரப் பத்திரிகையும் நாள் முழுக்க ஓடும் ஓர் இணையதளமும் நடத்தினோம். நான் பக்கம் வடிவமைப்பவன். அவர் படங்களுக்குப் பொறுப்பு. ஐம்பதை நெருங்கிய வயது. பருத்திப் புடவை, முந்தானையால் போட்ட முக்காடு, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மூக்குக் கண்ணாடி. மற்றவர்கள் மேடம் என்றார்கள். நான் அக்கா என்றேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டாலும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

அவரிடம் படம் காட்டுவது யாருக்கும் பிடிக்காது. என் மகள் முதன்முதலாக எழுந்து நின்ற சமயத்தில் அந்தப் படத்தை என் போனின் முகப்பில் வைத்திருந்தேன். எல்லோரும் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, குழந்தையின் இடுப்புக்குப் பின்னால் தெரிந்த ஒரு வளையல் துண்டைக் காட்டி, யாருடையது என்று கேட்டார். என் மாமியாருடையது. பின்னால் உட்கார்ந்து அவர்தான் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார். படம் அழகாக வரட்டும் என்று அவரை நான் வெட்டியிருந்தேன்.

"பிடிச்சுகிட்டிருக்கிறவங்களை எடுத்துட்டீங்க. இப்போ குழந்தை தானா நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் திருட்டுச் சாமானோடு பிடிபட்டவன் போல எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு சொந்தப் படம் எதையும் நான் அவரிடம் காட்டியதில்லை.

வேலையிலும் அவர் அப்படித்தான். ஒருமுறை ஏரியைச் சுத்தம் செய்யும் நிகழ்ச்சி என்று ஒரு படம் வந்தது. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, ஆகாயத்தாமரையை இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டிருந்தார். நல்ல வெளிச்சம், நல்ல படம். அதை அனுப்பியது அவருடைய ஆட்களே. அக்கா எங்கள் புகைப்படக்காரர் செல்வத்தைக் கூப்பிட்டு, நீயும் அங்கே இருந்தாய்தானே, நீ எடுத்ததைக் காட்டு என்றார். செல்வத்தின் படத்தில் வலது பக்கம் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. அங்கே பின்கதவு திறந்த ஒரு மினி லாரி நின்றது. இரண்டு பேர் அதிலிருந்து ஆகாயத்தாமரையைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏரியை முந்தைய வாரமே சுத்தம் செய்து முடித்துவிட்டார்களாம். படத்துக்காக வேறு ஒரு குட்டையிலிருந்து கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

செல்வத்தின் படம்தான் வந்தது, முழுதாக. கீழே 'ஏரியில் ஆகாயத்தாமரை' என்று மட்டும் அக்கா எழுதியிருந்தார். அந்தப் பிரமுகர் போனில் பேசிய பேச்சு ஆசிரியரின் அறைக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. ஆசிரியர் அக்காவை அழைத்து, எதற்கு இந்த வம்பு என்று கத்தினார். நான் குற்றமாக எதுவும் எழுதவில்லையே சார், வெட்டாமல் வைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

யாரையும் நம்பாதவரை மற்றவர்கள் எப்படி நம்புவார்கள்? அவரிடம் கறுப்பு நிறத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தது. செல்வம் கொண்டுவரும் மெமரி கார்டில் உள்ள எல்லாவற்றையும், பத்திரிகைக்கு வேண்டியது வேண்டாதது என்று பார்க்காமல், அதில் ஏற்றிக்கொள்வார். சாயங்காலம் அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். அலுவலகக் கணினியில் வைத்தால் யாராவது அழித்துவிடுவார்கள் என்று காரணம் சொல்வார். அந்த 'யாராவது' நாங்கள்தான் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. இந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்களின் ஓரமெல்லாம் அந்த அம்மா பையில் இருக்கிறது, ஒருநாள் வேலையைக் காட்டும் பாருங்கள் என்று எங்கள் நிருபர் ஒருவர் சொல்வார். நாங்கள் சிரிப்போம். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. ஒருவர் எதற்காக இவ்வளவையும் சேர்த்து வைக்க வேண்டும்?

பக்ரீத்துக்கு ஒருமுறை கீழ்க்கட்டளையில் இருந்த அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆம்பூரிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் தங்கை பேச்சுவாக்கில் அக்காவின் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்தார். அக்காவின் கல்யாண வாழ்க்கை சீக்கிரமே முறிந்துபோனது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை. ஆல்பத்தில் மாப்பிள்ளை எல்லாப் பக்கங்களிலும் இருந்தார். ஒரே ஒரு படத்தில் மட்டும் கத்தரிக்கோல் பட்டிருந்தது. அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார், தோளில் மட்டும் ஓர் ஆணின் நான்கு விரல்கள். வெட்டியது தான்தான் என்று தங்கை சொன்னார். அன்றைக்கு அக்கா தன்னோடு போட்ட சண்டை அந்த ஆளோடுகூடப் போட்டிருக்க மாட்டார் என்றார். வெட்டப்பட்ட மாப்பிள்ளை குப்பைக்குப் போகவில்லை. அதே உறைக்குள், படத்துக்குப் பின்னால் இருந்தார்.

"அவன் நல்லவன் இல்ல. அதுக்காக அன்னைக்கு அவன் அங்க இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் அக்கா. "இன்னைக்கு வெட்டிட்டா, என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாருன்னு நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துடும்."

இப்போது அவர் அந்தத் தங்கையோடு ஆம்பூரில் இருக்கிறார். பண்டிகைக்குப் பேசிக்கொள்வோம். அவர் குரோம்பேட்டையை விட்டுப் போனதற்குக் காரணமும் ஒரு படம்தான்.

அஸ்தினாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஆக்கிரமிப்பு வீடுகள் என்று ஒரு தெருவை இடித்தார்கள். அன்று அக்கா விடுப்பில் இருந்தார். காலையிலேயே பொக்லைன் வந்துவிட்டது. ஜனங்கள் அரிசி மூட்டையும் பீரோவுமாக ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு செங்கல் பறந்து வந்து பொக்லைனின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஏழுமலை என்ற இளைஞர், விழுப்புரம் பக்கத்துக்காரர். செங்கல்லும் கண்ணாடியும் சேர்ந்து அவருடைய ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டன.

செல்வம் அங்கே இருந்தார். ஆசிரியர் போன் செய்து, உடனே ஒரு படம் வேண்டும், போனில் பார்க்கிற மாதிரி நெட்டுவாக்கில் வெட்டி அனுப்பு என்றார். அகலமான படத்தைப் போட்டால் போனில் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். அதில் தப்பும் இல்லை. செல்வம் நின்ற இடத்திலேயே வெட்டி அனுப்பினார். வந்த படத்தில் ஒரு மனிதர் மார்பளவு தெரிந்தார். வாய் பிளந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஒரு தோள் தூக்கியிருந்தது. அவருக்குப் பின்னால் பொக்லைன். 'பொக்லைன் மீது கல்வீச்சு, ஓட்டுநர் படுகாயம்' என்று மேலே தலைப்பு. அந்த மனிதர்தான் எறிந்தார் என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மத்தியானத்துக்குள் அந்தப் படம் எங்கள் கையை விட்டு எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அக்கா வந்தார். எங்கள் பக்கத்தைத் திறந்து அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்வத்திடம் கார்டை வாங்கி வழக்கம்போல் எல்லாவற்றையும் தன் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டார். செல்வம் கார்டை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினார்.

அதற்கடுத்த நாள் ஒரு பெண் எங்கள் மாடிப்படியேறி வந்தார். படத்தில் இருந்தவர் அவருடைய கணவர். ஸ்டீபன் என்று பெயர், ஏசி மெக்கானிக். அன்று காலையில் போலீஸ்காரர்கள் வந்து விசாரணைக்கென்று கூட்டிப் போய்விட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது எங்கள் படம்தான்.

"சார், அவரு கையில கிரைண்டர் இருந்துச்சு" என்றார் அந்தப் பெண். "நான்தான் தூக்கிக்கினு ஓடுன்னு குடுத்தேன். கல்லு எந்தக் கையால எறிவாரு? உங்க படத்துல கையே இல்லயே சார். கை இன்னா ஆச்சு?"

இது போலீஸ் விவகாரம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். அக்கா எழுந்து வந்து அந்தப் பெண்ணைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். டிஸ்க்கைச் சொருகி முழுப் படத்தைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்தது கிரைண்டர்தான். ஸ்டீபன் இரண்டு கைகளாலும் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். கனம் தாங்காமல் ஒரு தோள் தூக்கியிருந்தது. வாயைத் திறந்து கத்தியது யாரையோ வழிவிடச் சொல்லி. "இதோ கீது, இதோ" என்று அந்தப் பெண் திரையைத் தொட்டார். அவ்வளவு நாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கமோ என்னவோ, என் கண் ஓரத்துக்குப் போனது. இடது ஓரத்தில், ஒரு பாதிச் சுவருக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். நைட்டி, தலையைச் சுற்றி ஒரு துண்டு. பின்னால் வளைந்திருந்த கையில் பாதிச் செங்கல்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். உடனே படத்தைப் பெரிதாக்கி, கிரைண்டர் மட்டும் தெரியும்படி செய்துவிட்டார். ஸ்டீபனின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் அந்த ஓரத்தைப் பார்த்தாரா, பார்த்து யாரென்று தெரிந்துதான் திரும்பினாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு மூவரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் அக்காவின் மடியில் இருந்த பிரிண்ட்டைப் பார்த்தேன். கீழே கிரைண்டர் முழுதாக இருந்தது. மேலே வானம் முழுதாக இருந்தது. இடது பக்கம் அந்தப் பெண் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் ஒரு படத்திலிருந்து ஓர் ஆளை எடுத்தது அதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் ஸ்டீபனின் மனைவி இருந்தார். கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகப் பேசினார். பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு, கிரைண்டருக்குள்ளேயும் கல்தானே அம்மா இருக்கிறது என்று சொல்லி அவரே சிரித்தார். பிறகு தன் போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இது முழுப் படமா?" என்று கேட்டார்.

அக்கா ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவருக்குச் சாதகமாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"இல்ல சார்" என்றார் அக்கா. "இடது பக்கம் கொஞ்சம் வெட்டியிருக்கேன். நான்தான் வெட்டினேன். இவர் கையில என்ன இருந்துச்சுன்னு காட்டறதுக்கு இது போதும்."

"வெட்டினதுல யாரு இருக்காங்க?"

"ஒரு படத்தை வச்சு ஒருத்தரைப் பிடிச்சீங்க, தப்பா போச்சு. இன்னொண்ணைக் குடுத்தா இன்னொருத்தரைப் பிடிப்பீங்க."

"அது என் வேலைம்மா. உங்களுது படம் போடறதோட சரி."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். உங்கள் ஆசிரியருக்கு முறைப்படி கடிதம் வரும் என்றார். ஸ்டீபனைச் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். அவர் வெளியே வந்தபோது எங்கள் இருவரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் முகத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோனது நாங்கள்தானே.

திரும்பி வரும்போது அக்காவிடம் கேட்டேன். ஆட்டோ மேம்பாலத்தில் ஏறிய பிறகு சொன்னார்:

"எங்க வெட்டினாலும் யாருக்காவது துரோகம்தான் தம்பி. வெட்டலன்னு பொய் சொல்லாம இருந்தேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அந்த யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடிதம் வந்தது. ஆசிரியர் அவரை அழைத்து முழுப் படத்தைக் கேட்டார். டிஸ்க் வீட்டில் இருக்கிறது, கோர்ட்டில் கேட்டால் கொடுக்கிறேன், இப்போது முடியாது என்றார் அக்கா. இத்தனை நாளும் ஊரிலுள்ளவர்களையெல்லாம் முழுதாகக் காட்டு என்று படுத்தினீர்களே, இப்போது நீங்களே மறைத்தால் என்ன அர்த்தம் என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி.

செல்வத்துக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார், தலையில் துணி சுற்றியிருந்தார் என்றார். அவ்வளவு போதுமானதாக இருந்தது. தலையில் சுற்றிய துண்டு இரண்டே நாளில் பேச்சில் முக்காடாக மாறிவிட்டது. அவங்க ஆளாக இருக்கும், இல்லாவிட்டால் இந்த அம்மா ஏன் இப்படி மறைக்க வேண்டும் என்றார் நிருபர். அவர் அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அக்கா தண்ணீர் பிடிக்க வந்தவர், பாட்டிலை மூடிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார். அன்றிலிருந்து மதியம் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. அலுவலகத்தில் அக்காவைத் தவிர அந்த ஓரத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அது வெறும் துண்டு, தூசிக்காகச் சுற்றியது என்று சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்களும் கூட்டா என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அக்கா வருவதை நிறுத்திவிட்டார். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒருநாள் அஸ்தினாபுரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். இடிக்கப்பட்ட தெருவிலிருந்து வந்த சில குடும்பங்கள் அங்கே ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தன. சந்தின் வாயில் காய்கறி வண்டிக்கு மறைவாக நின்று அக்கா ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். நைட்டி, தோளில் துண்டு. எனக்கு அந்தப் பக்கவாட்டு முகம் மறக்கவில்லை. அதே பெண். அக்கா ஏதோ சொல்லச் சொல்ல அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பைக்கை நிறுத்தாமல் போய்விட்டேன். வீடு வரும்வரை மனசு கசந்தது. அப்படியானால் தெரிந்தவர்தானா? நிருபர் சொன்னதில் பாதியாவது உண்மையா? முழுப் படம், முழுப் படம் என்றதெல்லாம் தனக்கு வேண்டியவர்கள் வரும்வரைதானா?

அந்த நினைப்போடு இருக்கும்போதுதான் ஏழுமலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்த உடம்பு, கறுப்புக் கண்ணாடி, கையில் ஆஸ்பத்திரிக் கவர். படத்தில் யாரோ இருக்கிறார்களாமே, ஸ்டேஷனில் சொன்னார்கள் என்றார். அது எங்களிடம் இல்லை என்று ஆசிரியர் சொல்லி அனுப்பிவிட்டார். நான் பின்னாலேயே இறங்கிப் போய், வைத்திருப்பவர் வீடு எனக்குத் தெரியும் என்றேன். அவருக்கு உதவுவதற்காகவா, அக்கா என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்காகவா என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான்.

அக்கா கதவைத் திறந்தார். நான் இவர் யாரென்று சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி, குடிக்க மோர் கொடுத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து டிஸ்க்கைச் சொருகினார். படம் முழுதாகத் திரையில் வந்தது. அவசரமில்லை, பொறுமையாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் காட்டவில்லை.

ஏழுமலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடினார். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"பொம்பளையா" என்றார். "நான் யாரோ குடிச்சிட்டு வந்த பையன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பிறகு, "இந்தக் கல்லு எங்க கெடச்சுது இவங்களுக்கு?" என்று கேட்டார்.

"அவங்க வீட்டுச் செங்கல்தான். அதுக்கு முன்னாடியே இடிச்சாச்சு."

"நான்தான் இடிச்சேன்" என்றார் ஏழுமலை.

அக்கா ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். உள்ளே பிரிண்ட் இருந்தது, வெட்டாதது. எடுத்துத் தயாராக வைத்திருந்தார். இது உங்களுடையது, ஸ்டேஷனில் கொடுப்பதானாலும் கொடுங்கள், நீங்கள் வந்து கேட்பீர்கள் என்றுதான் வைத்திருந்தேன் என்றார். அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பார்த்ததையும் அவரே சொன்னார். அடிபட்டவர் வந்து கேட்டால் காட்டிவிடுவேன், மறைக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நான் பார்த்தது அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் என்பதற்கும் அவர் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" என்று ஏழுமலை கேட்டார்.

"கண்ணாடியைப் பார்த்துத்தான் எறிஞ்சேன், ஆளைப் பார்த்து இல்லன்னு சொன்னாங்க."

"கண்ணாடிக்குப் பின்னாடி நான்தானே இருந்தேன்."

ஏழுமலை கவரை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அம்மா வீடு எங்கே என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா உள்ளே போனார். யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வாங்க போகலாம் என்று ஏழுமலையிடம் சொன்னார். நானும் எழுந்தேன்.

"நீங்க வேணாம் தம்பி" என்றார். "நீங்க வந்தா அது செய்தி ஆயிடும்."

அவர்கள் ஷேர் ஆட்டோவில் போனார்கள். நான் பைக்கில் கொஞ்சம் பின்தங்கிப் போய், அஸ்தினாபுரம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு டீ குடித்தேன். அந்த மனிதர் கோபத்தில் ஏதாவது செய்துவிட்டால் என்று ஒரு பக்கம் பயம். போன் போட்டுப் பேசியது யாரிடம், என்ன ஏற்பாடு என்று இன்னொரு பக்கம் சந்தேகம்.

ஏழுமலை சந்திலிருந்து தனியாகத்தான் வந்தார். அக்காவைக் காணவில்லை. நான் எழுந்து போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலண்ணா. அவங்க எதுவும் பேசல. அழுதாங்க. அப்புறம் சாப்பிட்டுட்டுப் போன்னாங்க, சாப்பிட்டேன்."

"கேஸு?"

"அதைப் பத்தி நானும் பேசல, அவங்களும் பேசல."

அவர் கையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது. பழுப்புக் கவர் இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"அவங்க கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்றார். "பின்னாடி ஒரு செவுரு தெரியுதில்ல, அது அவங்க வூட்டுச் செவுராம். வூட்டோட எடுத்த படம் வேற எதுவுமே இல்லையாம். ஒரு சாமான் எடுக்கத்தான் நேரம் இருந்துச்சாம், படமெல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சாம்."

அந்தச் சுவரை நானும் பார்த்திருக்கிறேன். செங்கல்லைத்தான் பார்த்தேன், அதைக் கவனித்ததில்லை. அந்தப் பெண் சொன்னது உண்மைதானா, இல்லை இவர் கையில் இருந்த சாட்சியை நயமாக வாங்கிக்கொள்ளும் வழியா, அதைச் சொல்லிக்கொடுத்தது அக்காதானா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையிடம் அதைக் கேட்டே விட்டேன்.

"இருக்கலாம்ணா" என்றார். "குடுத்தது குடுத்ததுதான்."

தாம்பரம் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். அவர் சாலையோரத்தில் போய் நின்றார். அடிபட்ட கண் இருக்கும் பக்கத்திலிருந்து வண்டிகள் வருகின்றனவா என்று பார்க்க, தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது அவருக்கு. திருப்பிப் பார்த்து, மறுபடி நேரே பார்த்து, மறுபடி திருப்பினார். வண்டிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. நான் போய் அந்தப் பக்கமாக நின்றுகொண்டேன். கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கடந்தோம்.